மரத்துக்குப் பஞ்சமில்லை, இளமரத்துக்குத்தான்: ஜாக் பைனும் கர்ட்லண்ட் வார்ப்ளரும்

வட அமெரிக்காவில் ஜாக் பைன் மரத்தை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. கனடாவின் வடமேற்கில் மெக்கென்சி ஆற்றுப் பக்கம் தொடங்கி, கிழக்கே நோவா ஸ்கோஷியா வரை அது பரவிக் கிடக்கிறது. கனடாவில் இவ்வளவு பரப்பில் வளரும் பைன் இனம் வேறு இல்லை. தெற்கே அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றியுள்ள மாநிலங்களோடு அதன் எல்லை முடிகிறது. வேறு மரம் தங்காத வறண்ட மணலிலும் பாறை இடுக்கிலும் அது நிற்கும். அழியும் ஆபத்து இதற்கு உண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த மரத்தின் காலடியில் கூடு கட்டும் ஒரு பறவை இருக்கிறது. கர்ட்லண்ட் வார்ப்ளர் என்று பெயர். எடை 14 கிராம் அளவு. மேலே நீலச்சாம்பல், கீழே மஞ்சள். ஆண் பறவையின் பாட்டு உரக்க ஒலிக்கும், அமைதியான காலையில் பல நூறு மீட்டர் தள்ளி நின்றாலும் காதில் விழும். 1974-இல் கணக்கெடுத்தபோது பாடும் ஆண்கள் 167 மட்டுமே கிடைத்தன. 1987-இல் மறுபடியும் அதே 167. அந்த இனத்துக்கு உலகத்திலேயே அவ்வளவுதான். மிச்சிகன் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில், வடபகுதியில், ஒரு சில கவுண்டிகளுக்குள் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அத்தனையும் அடங்கிவிட்டன.

கோடிக்கணக்கில் நிற்கும் ஒரு மரத்தை நம்பி வாழும் பறவை ஏன் சில நூறுக்குச் சுருங்க வேண்டும்? இந்த இரண்டு உயிரினங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் புரியும்.

தீயைச் சேர்த்துவைக்கும் மரம்

ஜாக் பைனின் பட்டை மெல்லியது. காட்டுத்தீ வந்தால் அந்த மரம் பிழைப்பது அரிது. தடித்த பட்டையோடு தீயைத் தாங்கி நிற்கும் பைன்கள் உண்டு, இது அந்த ரகம் இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இது பெரிதாக எதுவும் செய்வதில்லை. செய்வதெல்லாம் விதைக்காகத்தான்.

அதன் விதைக் கூம்புகளில் பெரும்பாலானவை முற்றிய பிறகும் திறப்பதில்லை. செதில்களுக்கு நடுவே பிசின் இறுகி, பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொள்கிறது. அப்படியே கிளையில் ஆண்டுக்கணக்கில் தங்கும். பத்து ஆண்டுக்கு முந்தைய கூம்பும் போன ஆண்டுக் கூம்பும் ஒரே மரத்தில் சேர்ந்து இருக்கும். வெப்பம் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பிசின் இளகும், செதில்கள் பிரியும். கடும் வெயிலில் தரையோரம் விழுந்து கிடக்கும் கூம்புகளும் சில சமயம் இப்படித் திறக்கும். ஆனால் ஒரு காடு முழுவதும் ஒரே சமயத்தில் திறக்கவேண்டுமென்றால் அதற்குத் தீதான் வேண்டும்.

தீ மேலே ஏறி மரத்தைக் கொன்றுவிட்டுப் போகிறது. கூம்புக்குள் இருக்கும் விதை அந்தக் குறுகிய வெப்பத்தைத் தாங்கிவிடுகிறது. அப்புறம் சாம்பல் ஆறும்போது பல ஆண்டுச் சேமிப்பு மொத்தமாகக் கீழே கொட்டுகிறது. விதை மிகச் சிறியது, ஒரு கிலோவுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் நிற்கும். சருகு மெத்தைமேல் விழுந்தால் அவ்வளவு சின்ன விதை வேர்விடும் முன்பே காய்ந்துபோகும். வெறும் மணல்மேல் விழுந்தால் பிழைக்கும். சருகை எரித்து மணலை வெளிக்காட்டுவதும் அதே தீதான். நிழலில் இந்த மரத்தின் கன்று வளராது. அந்த நிழலை அகற்றுவதும் தீதான். ஒரே நிகழ்ச்சி மூன்று வேலையையும் முடித்துத் தருகிறது.

அதனால்தான் ஜாக் பைன் காடுகள் ஒரே வயது மரங்களாக நிற்கின்றன. ஒரு தீ, ஒரு தலைமுறை. மரம் ஐந்து பத்து ஆண்டுகளிலேயே கூம்பு வைக்கத் தொடங்கிவிடும், அடுத்த தீ சீக்கிரம் வந்தாலும் அது தயார். தாமதமாக வந்தால் எண்பது, நூறு ஆண்டுவரை காத்திருக்க முடியும். அதற்குள் தீ வரவில்லையென்றால் மரம் தளர்ந்து சாய, மற்ற மரங்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, தீ எப்போது வரும் என்ற கேள்விக்கு ஜாக் பைனிடம் பதில் இல்லை, ஆனால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அகலமுள்ள பொறுமை இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் இந்தப் பூட்டு இறுகுவதும் இல்லை. தெற்கு எல்லையில், தீ அபூர்வமான இடங்களில், தாமாகத் திறக்கும் கூம்புகளும் கணிசமாக உண்டு. அதாவது இந்த இனம் எல்லா நம்பிக்கையையும் தீமேல் வைத்துவிடவில்லை.

பதினைந்து ஆண்டு வீடு

பறவையின் கதை வேறு. அதற்கும் அதே தீ வேண்டும், ஆனால் அந்தப் பொறுமை கிடையாது.

கர்ட்லண்ட் வார்ப்ளர் மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரையில், புல்லும் அவுரிநெல்லிச் செடியும் மூடிய இடத்தில், இளம் பைன் மரத்தின் ஓரமாகக் கட்டுகிறது. கூட்டை மறைப்பது மரத்தின் கீழ்க் கிளைகள். அவை பச்சையாக, மண்ணைத் தொடும் அளவு தாழ்ந்து இருக்கவேண்டும். தீ முடிந்து ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் மரம் அந்த உயரத்துக்கு வருவதில்லை. இருபது ஆண்டு ஆகும்போது மரங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிழல் கட்டும், கீழ்க் கிளைகள் காயும், தரையில் புல் குறையும். அதோடு பறவை அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். மரம் அங்கேயே நிற்கும், இன்னும் அறுபது ஆண்டு கூட நிற்கும். பறவைக்கு அது பயன்படாது.

இன்னும் சில நிபந்தனைகள் உண்டு. திட்டு சிறியதாக இருந்தால் தங்காது, குறைந்தது 30 ஹெக்டேராவது வேண்டும், அதைவிடப் பெரிதாக இருந்தால் விரும்பி வரும். மரங்கள் நெருங்கி இருக்கவேண்டும், ஆனால் இடையிடையே வெளியும் வேண்டும். மண் நீரை உடனே உறிஞ்சும் மணலாக இருந்தால் நல்லது, தரைக்கூடு மழையில் முழுகாது. மிச்சிகனின் கிரேலிங் வட்டாரத்தில், பனியாறுகள் உருகி ஓடிய நீர் கொண்டுவந்து கொட்டிய ஆழமான மணல் இருக்கிறது. இத்தனையும் ஒன்றாகச் சேரும் இடங்கள் மிகக் குறைவு.

இப்போது இரண்டையும் ஒப்பிடலாம். மரத்தின் வாழ்நாளை நூறு என்று வைத்தால், அதில் பறவைக்குப் பயன்படுவது நடுவில் ஒரு பதினைந்து ஆண்டு. ஒரு நாட்டில் எத்தனை ஜாக் பைன் நிற்கிறது என்று எண்ணினால் மரத்தின் நிலை தெரியும். பறவையின் நிலை தெரியவேண்டுமானால், அவற்றில் எத்தனை இப்போது ஐந்துக்கும் இருபதுக்கும் நடுவே இருக்கின்றன என்று கேட்கவேண்டும். மரத்துக்குக் காடு என்பது ஓர் இடம். பறவைக்கு அது ஒரு பருவம். பல காட்டுயிர் விவாதங்களில் இந்த வேறுபாடு விட்டுப்போகிறது என்பது என் எண்ணம். மரப்பரப்பு குறையவில்லை என்ற புள்ளிவிவரத்தைக் காட்டி எல்லாம் நலம் என்று சொல்லிவிடுகிறோம்.

வேறொரு வேறுபாடும் இருக்கிறது. மரம் நகர முடியாது, ஆகையால் எதிர்காலத்தைக் கூம்பில் சேமிக்கிறது. பறவை சேமிக்க முடியாது. பெரும்பாலான வார்ப்ளர்கள் சில ஆண்டுகளே வாழ்கின்றன, நல்ல இடம் வரட்டும் என்று முப்பது ஆண்டு காத்திருக்க அவற்றால் முடியாது. ஆகையால் நகர்கிறது. ஒரு திட்டு மூத்துப்போனால் இன்னொரு இளந்திட்டைத் தேடிப் போகிறது. பழைய காலத்தில் தீ அடிக்கடி அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிந்ததால் எப்போதும் எங்கோ ஓரிடத்தில் பொருத்தமான வயது இருந்துகொண்டே இருந்தது. ஒரு மரத்துக்கு ஒரே ஒரு தீ போதும். ஒரு பறவை இனத்துக்கோ அறுபடாத ஒரு வரிசை வேண்டும். நடுவில் இருபது ஆண்டு இடைவெளி விழுந்தால் மரம் அதைக் கவனிக்கக்கூட மாட்டாது, பறவை அழிந்துபோகும்.

கண்டுபிடிக்கவே அரை நூற்றாண்டு

இந்தப் பறவை அறிவியலுக்கு அறிமுகமானது 1851 மே மாதம். ஒஹையோவில், கிளீவ்லண்ட் நகரத்தின் அருகே, மருத்துவரும் இயற்கையாளருமான ஜாரெட் கர்ட்லண்டின் நிலத்தில் ஒன்று சுடப்பட்டது. பறவையியலாளர் ஸ்பென்சர் பேர்ட் அதைப் பரிசோதித்து 1852-இல் புதிய இனமாக விவரித்து, கர்ட்லண்டின் பெயரையே வைத்தார். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1841-இல், பஹாமாஸ் தீவுகளின் அருகே ஒரு கப்பலில் சாமுவேல் கபோட் ஒன்றைப் பிடித்திருந்தார். அது புதியது என்று யாருக்கும் தெரியாமல் அவருடைய சேகரிப்பில் கிடந்தது. குளிர்காலத்தை அது பஹாமாஸில் கழிக்கிறது என்பது 1879-க்குப் பிறகு தெளிவானது. கூடு எங்கே என்பது மட்டும் தெரியவில்லை. கடைசியில் 1903-இல் மிச்சிகனின் ஒஸ்கோடா கவுண்டியில், ஆ சேபிள் ஆற்றின் பக்கம், நார்மன் வுட் முதல் கூட்டைக் கண்டுபிடித்தார். ஜாக் பைன் மணல்காட்டுக்குள் அதுவரை யாரும் அக்கறையோடு தேடவில்லை. மரவியாபாரிகளுக்கு அந்தக் காடு விலைபோகாத புதர்.

விலைபோன மரம் வெள்ளைப் பைன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகனின் வெள்ளைப் பைன் காடுகள் வெட்டித் தீர்க்கப்பட்டன. வெட்டிப் போட்ட கிளையும் சருகும் காய்ந்து, அதில் பற்றிய பெருந்தீக்கள் பல நாட்கள் எரிந்தன. மனிதர்களுக்கு அவை பேரழிவு. ஜாக் பைனுக்கோ நல்ல வாய்ப்பு. எரிந்த மணல்மேல் அது பரவியது, பின்னாலேயே வார்ப்ளரும் பெருகியது. 1880களிலும் 1890களிலும் பஹாமாஸில் கிடைத்த பறவைகளின் எண்ணிக்கையைப் பார்த்து, அந்த இனம் உச்சத்தில் இருந்த காலம் அதுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதற்கு முன்னால், பனியுகத்தில்? மிச்சிகன் முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில் இருந்த காலத்தில் ஜாக் பைன் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வளர்ந்தது. ஏரிப் படிவுகளில் அதன் மகரந்தம் கிடைத்திருக்கிறது. கடல்மட்டம் அப்போது நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்ததால் பஹாமாஸ் இன்று இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய நிலப்பரப்பு. கோடை வீடும் குளிர்கால வீடும் பக்கத்தில் பக்கத்தில். இந்தப் பறவையைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஹெரால்ட் மேஃபீல்ட், அந்தக் காலத்தில் இது இன்னும் பரவலாக வாழ்ந்திருக்கலாம் என்று கருதினார். பனி விலகியதும் மரம் வடக்கே நகர்ந்தது, தீவுகள் சுருங்கின. பறவைக்கு இரண்டு முனையிலும் வசதி குறைந்தது. இது கருதுகோள்தான், ஆனால் இரண்டு இனங்களின் வரலாறும் எங்கே ஒட்டி எங்கே பிரிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளக்கத்தை நான் பார்க்கவில்லை. மரம் தன் குளிரைத் தேடி ஒரே திசையில் போனது. பறவையோ இரண்டு இடங்களுக்குக் கட்டுப்பட்டு, நடுவே ஆண்டுக்கு இருமுறை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கவேண்டியதாயிற்று.

தவறான எதிரியும் சரியான எதிரியும்

1951-இல் மேஃபீல்டின் முயற்சியில் அந்த இனத்தை முழுவதுமாக எண்ணினார்கள். ஜூன் மாதத்தில் பொருத்தமான காடுகளை வரிசையாக நடந்து கடந்து, பாடும் ஆண்களைக் காதால் கேட்டு எண்ணுவதுதான் முறை. 432 கிடைத்தன. 1961-இல் 502. 1971-இல் எண்ணியபோது 201. பத்து ஆண்டில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன.

(மேஃபீல்ட் இந்தப் பறவையின் கூடுகளை ஆராயும்போது உருவாக்கிய கணக்கீடு இன்று உலகம் முழுவதும் கூடுகளின் வெற்றி விகிதத்தை அளக்கப் பயன்படுகிறது. கூடு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து எத்தனை நாள் கண்காணிப்பில் இருந்தது என்பதை வைத்துக் கணக்கிடும் முறை அது. சில நூறு பறவைகள் மட்டுமே மிஞ்சியிருந்த ஓர் இனம் எத்தனையோ இனங்களின் ஆய்வுக்குக் கருவி தந்திருக்கிறது.)

சந்தேகம் முதலில் கௌபேர்டுமேல் விழுந்தது. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவதுபோல, பழுப்புத்தலை கௌபேர்டு மற்ற சிறு பறவைகளின் கூட்டில் முட்டையிடும். முன்பு அது புல்வெளிகளில் காட்டெருமைக் கூட்டங்களின் பின்னால் திரிந்த பறவை. காடு அழிந்து வயலானதும் மிச்சிகனுக்குள் வந்தது. அதை எதிர்கொள்ளும் பழக்கம் வார்ப்ளருக்கு இல்லை. கௌபேர்டின் முட்டை ஓரிரு நாள் முந்திப் பொரியும், குஞ்சு பெரிது, கொண்டுவரும் இரையெல்லாம் அதற்கே போகும். 1960களின் கடைசியில் ஏறத்தாழ 70 சதவீதக் கூடுகளில் கௌபேர்டு முட்டை இருந்தது. ஒரு கூட்டுக்கு ஒரு குஞ்சுகூடத் தேறாத நிலை.

1972 முதல் பெரிய பொறிகள் வைத்து கௌபேர்டுகளைப் பிடித்துக் கொன்றார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 4,000 அளவில். பலன் உடனே தெரிந்தது. கௌபேர்டு முட்டையிட்ட கூடுகள் மிகக் குறைந்துபோயின, ஒரு கூட்டுக்கு மூன்று குஞ்சு அளவுக்குத் தேறியது. குஞ்சுகள் இவ்வளவு கூடினால் எண்ணிக்கை ஏறவேண்டும்தானே?

ஏறவில்லை. சரிவு நின்றது, அவ்வளவுதான். 1970கள் முழுவதும், 1980கள் முழுவதும் இருநூறைச் சுற்றியே நின்றது. இந்த முழுக் கதையிலும் மிக முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். குஞ்சுகள் பிறந்தன, வளர்ந்தன, பஹாமாஸுக்குப் போய்த் திரும்பியும் வந்தன. திரும்பி வந்தவற்றுக்கு இடம் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வனத்துறையினர் காட்டுத்தீயை மிகத் திறமையாக அணைக்கக் கற்றிருந்தார்கள். ஜாக் பைன் காடுகள் எரியாமல் நிம்மதியாக முதிர்ந்துகொண்டிருந்தன. மரங்கள் நின்றன, பறவைக்கான வயதில் நிற்கவில்லை.

இளங்காடு குறைவது புதிய கண்டுபிடிப்பல்ல, கவலைப்பட்டவர்கள் முன்பே இருந்தார்கள். சில இடங்களைப் பறவைக்கென ஒதுக்கித் திட்டமிட்டு எரிக்கவும் செய்தார்கள். அப்படி ஒன்று கைமீறியது. 1980 மே 5 அன்று ஹியூரான் தேசியக் காட்டில் மயோ என்ற ஊரின் பக்கம், வார்ப்ளருக்கு வாழிடம் உருவாக்கவே வைத்த தீ சாலையைத் தாண்டிப் பரவியது. ஏறத்தாழ 9,700 ஹெக்டேர் எரிந்தது. 44 வீடுகள் அழிந்தன. வனத்துறைப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். மேக் லேக் தீ என்று அதற்குப் பெயர். அந்த இழப்பைச் சொல்லாமல் அடுத்து வருவதைச் சொல்வது நியாயமாகாது.

எரிந்த பரப்பில் ஜாக் பைன் தானாக முளைத்தது. ஏழெட்டு ஆண்டு எதுவும் மாறவில்லை. 1980களின் கடைசியில் அந்த மரங்கள் சரியான உயரத்துக்கு வந்தன. வார்ப்ளர் அங்கே குடியேறியது. 1990-இல் 265 ஆண்கள். 1991-இல் 347. 1994-இல் 600-ஐத் தாண்டியது, அடுத்த ஆண்டு 750-ஐயும் தாண்டியது. இருபது ஆண்டு அசையாத எண், ஐந்தாறு ஆண்டில் மூன்று மடங்குக்கு அருகில். யாரும் திட்டமிட்டுச் செய்திருக்கமுடியாத, செய்யவும் கூடாத ஒரு பெரும் சோதனை அது. அதன் முடிவு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கௌபேர்டைத் தடுத்தது இனத்தை உயிரோடு வைத்திருந்தது, பெருக வைத்தது இளமரம்தான்.

தீயின் வேலையைச் செய்யும் அட்டவணை

மேக் லேக்குக்குப் பிறகு, வீடுகள் நெருங்கிய வட்டாரத்தில் மறுபடி பெரிய தீ வைக்க எந்த அதிகாரியும் எளிதில் துணியமாட்டார். ஆக நடவுதான் முதன்மை வழியாகிவிட்டது. முதிர்ந்த ஜாக் பைனை மொத்தமாக வெட்டி விற்பார்கள். மணலில் சால் ஓட்டி, இரண்டு வயது நாற்றுகளை நெருக்கமாக நடுவார்கள், ஹெக்டேருக்கு இரண்டாயிரத்துக்கு மேல். நேர்வரிசையாக நட்டால் பறவைக்கு வேண்டிய வெற்றிடம் கிடைக்காது. அதனால் எதிரெதிர் அலைகளாக வளைத்து நட்டு, நடுநடுவே திறந்த புல்வெளி விடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் விசித்திரமான நெளிவுகளாகத் தெரியும். தீ ஒரே நாளில் ஒழுங்கின்றிச் செய்ததை இவர்கள் இயந்திரமும் கணக்கும் வைத்துச் செய்கிறார்கள்.

கணக்கு எளிமையானது. மொத்தம் ஏறத்தாழ 77,000 ஹெக்டேர் இந்தச் சுழற்சியில் இருக்கிறது. ஒரு திட்டை வெட்டி நட்டால் மறுபடி வெட்ட ஐம்பது ஆண்டு. ஆகவே ஆண்டுக்கு 1,500 ஹெக்டேருக்குச் சற்று மேல் புதிதாக நடவேண்டும். ஒவ்வொரு திட்டும் முழுப் பயன் தரும் காலத்தைப் பத்து ஆண்டு என்று கொண்டால், எந்த ஆண்டில் பார்த்தாலும் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் பறவைக்கு ஏற்ற வயதில் இருக்கும். அந்தக் கணக்கு பலித்தது. 2001-இல் பாடும் ஆண்களின் எண்ணிக்கை முதல்முறையாக ஆயிரத்தைத் தாண்டியது. 2007-இல் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் கூடு கட்டின. 1967-இல் அமெரிக்க அரசின் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்ட பறவை, 2019 அக்டோபரில் அதிலிருந்து நீக்கப்பட்டது. கௌபேர்டுப் பொறிகளும் அதற்கு முந்தைய ஆண்டே நிறுத்தப்பட்டன. நிறுத்திய பிறகு தேடிப் பார்த்தபோது கௌபேர்டு முட்டையுள்ள கூடு கிட்டத்தட்டக் கிடைக்கவே இல்லை.

நடவுக்காடும் தீக்காடும் ஒன்றா? வார்ப்ளருக்கு ஒன்றுபோலத்தான், கீழ்க் கிளையும் புல்லும் வெளியும் இருந்தால் அது ஏற்றுக்கொள்கிறது. விஸ்கான்சினின் ஆடம்ஸ் கவுண்டியில் சிவப்புப் பைன் நடவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்திருக்கிறது. மரத்தின் இனத்தைவிட அமைப்புதான் அதற்கு முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் எரிந்த காட்டில் கருகி நிற்கும் மரங்கள் இருக்கும், அவற்றில் துளையிட்டுப் புழு தேடும் கருமுதுகு மரங்கொத்தி போன்றவை இருக்கும். வெட்டி நட்ட காட்டில் அவை இருக்காது. ஒரு பறவையை மட்டும் அளவுகோலாக வைத்துக் காட்டை நடத்தினால் மற்றவை விட்டுப்போகும். இந்தக் குறையைக் காடு நடத்துபவர்களும் அறிவார்கள். சில இடங்களில் கட்டுப்படுத்திய தீயையும் அடர்த்தி குறைந்த நடவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மறுமுனையான பஹாமாஸில் யாரும் நடவு செய்வதில்லை. எலூத்ரா, கேட் தீவு போன்ற தீவுகளில் குட்டைப் புதர்க்காட்டில் பழமும் பூச்சியும் தின்று பறவை குளிர்காலத்தைக் கழிக்கிறது. அங்கே பிப்ரவரி, மார்ச் மழை குறைந்தால் உணவு குறையும். வறண்ட ஆண்டுகளில் ஆண்கள் மிச்சிகனுக்குத் தாமதமாக வந்துசேர்கின்றன, தாமதமாக வந்தவை குறைவான குஞ்சுகளையே வளர்க்கின்றன. இது ஆய்வுகளில் உறுதியானது. அந்தத் தீவுகள் இன்னும் வறண்டால் மிச்சிகனில் எத்தனை கன்று நட்டாலும் ஈடுகட்ட முடியாது.

காலநிலை மாற்றம் மரத்தையும் தொடுகிறது. ஜாக் பைனின் தெற்கு விளிம்பு மிச்சிகன். வெப்பம் கூடினால் மரம் அங்கிருந்து பின்வாங்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இனத்துக்கு அதனால் பெரிய ஆபத்து இல்லை, வடக்கே கனடா முழுவதும் அதற்கு இடம் இருக்கிறது. பறவைக்கு அப்படி ஒரு கையிருப்பு இல்லை. அதன் கூட்டம் பெரும்பாலும் அந்தத் தெற்கு விளிம்பில்தான்.

பட்டியலிலிருந்து நீக்கியபோதே, இந்த இனம் தொடர்ந்து மனிதப் பராமரிப்பை நம்பித்தான் வாழும் என்று எழுதிவைத்தார்கள். ஆயிரம் ஜோடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது இலக்கு. 2021 கணக்கெடுப்பில் 2,200-க்கு மேல் ஜோடிகள் இருந்தன. 2025-இல் அது ஏறத்தாழ 1,500 ஆகக் குறைந்தது. இலக்குக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் நான்கு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு இறக்கம் சிறியதல்ல. முந்தைய இருபது ஆண்டில் நட்ட பெரிய திட்டுகள் ஒவ்வொன்றாக வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுதோறும் அதே அளவு நடவுக்குப் பணமும் ஆளும் வேண்டும். ஜாக் பைனுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்தால்தான் முதிர்ந்த திட்டை வெட்ட ஒப்பந்தக்காரர் வருவார், வெட்டினால்தான் நட முடியும்.

இந்த வசந்தத்தில் நடும் நாற்றில் முதல் கூடு அமைய இன்னும் ஐந்தாறு ஆண்டு ஆகும். அதனால் 2025-இன் எண்ணிக்கையைப் பார்த்து இன்று எடுக்கும் எந்த நடவு முடிவும் 2030களின் கணக்கெடுப்பில்தான் தெரியும். நடுவில் இருக்கும் ஆண்டுகளுக்கு, ஏற்கெனவே மண்ணில் நிற்கும் மரங்கள் எந்த வயதில் இருக்கின்றனவோ அதுவே பறவைக்குக் கிடைக்கும் இடம்.